அண்டை வீட்டாரின் உறக்கமும் நமது ஒலிபெருக்கியும்

 



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். மினாராவில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி யாராவது வாய் திறந்தால், "பாங்குச் சத்தம் உமக்குக் கசக்கிறதோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவது நம்மவர்களின் வழக்கம். அப்படிக் கேட்டவர்களில் இந்தப் பாவியும் ஒருவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பசியாலும் வறுமையாலும் வாடிய அவரும் அவருடைய தோழர் இருவரும் நாயகம் (ஸல்) அவர்களின் விருந்தினராகத் தங்கியிருந்தார்கள். இரவில் நாயகம் அவர்கள் திரும்பி வரும்போது ஸலாம் சொல்வார்கள். எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? விழித்திருப்பவர் காதில் விழ வேண்டும். உறங்குபவர் விழித்துவிடக் கூடாது. அந்த அளவுக்குத் தம் குரலை நிறுத்து அளந்து சொல்வார்கள்.

ஸலாம் என்பது என்ன, அன்பர்களே? அதுவே ஒரு துஆ. அதைச் சொல்பவரோ அகிலத்துக்கு அருட்கொடையாக வந்த நாயகம். அந்தத் திருவாயின் ஸலாம் காதில் விழுந்து விழித்துக்கொள்வதைவிடப் பெரிய பாக்கியம் உறங்குகிறவனுக்கு வேறென்ன இருக்க முடியும்? ஆனாலும் அவர்கள் அவனை எழுப்பவில்லை. களைத்த உடம்புக்கு உறக்கம் ஒரு ஹக்கு என்று அறிந்திருந்தார்கள்.

ஒரு பயணத்தில் ஸஹாபாப் பெருமக்கள் உரத்த குரலில் தக்பீர் முழங்கிக்கொண்டு வந்தபோது, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள், நீங்கள் அழைப்பது செவிடனையுமல்ல, தூரத்தில் இருப்பவனையுமல்ல என்ற கருத்தில் நாயகம் அவர்கள் தடுத்தார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இன்னொரு முறை நாயகம் அவர்கள் பள்ளியில் இஃதிகாப் இருந்தார்கள். பலரும் தத்தமக்கு உரக்கக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நாயகம் அவர்கள் திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தம் ரப்புடன் இரகசியமாக உரையாடுகிறீர்கள், ஆகவே ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள், ஓதுவதில் ஒருவர் குரலை மற்றவர் மிஞ்சாதீர்கள் என்று எச்சரித்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஓதப்பட்டது என்ன? கலாமுல்லாஹ்! ஓதிய இடம் மஸ்ஜிதுன் நபவீ! ஓதியவர்கள் ஸஹாபாக்கள்! அங்கேயே அது தொல்லை என்று பெயர் பெற்றது என்றால், நம்முடைய இரும்புக் குழாய் எம்மாத்திரம்?

இங்கே ஒரு சகோதரர் எழுந்து, "பாங்கை உரக்கச் சொல்வது சுன்னத்தல்லவா?" என்று கேட்பார். ஆம், சுன்னத்துத்தான். பாங்கைத் தாழ்த்தச் சொல்ல நான் வரவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஸைது (ரலி) அவர்கள் கனவில் பாங்கின் வார்த்தைகளைக் கண்டு வந்து சொன்னபோது, பிலால் (ரலி) அவர்களுக்குக் குரல்வளம் அதிகம், அவருக்கு அதைச் சொல்லிக்கொடும் என்றுதான் நாயகம் அவர்கள் பணித்தார்கள். உரத்த குரலும் இனிய குரலும் மோதினாருக்கு வேண்டிய தகுதிகள்.

அந்தப் பிலால் எங்கே நின்று பாங்கு சொன்னார்கள்? அன்று மஸ்ஜிதுன் நபவீயில் மினாரா இல்லை. பனூ நஜ்ஜார் கோத்திரத்துப் பெண்மணி ஒருவர் அறிவிக்கிறார்: பள்ளியைச் சுற்றியிருந்த வீடுகளில் அவருடைய வீடே உயரமானது, ஸுப்ஹுப் பாங்கை அதன் முகட்டில் நின்றுதான் பிலால் சொல்வார்கள். ஸஹர் நேரத்திலேயே வந்து முகட்டில் அமர்ந்து, கிழக்கு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளுத்ததும் சோம்பல் முறித்து எழுந்து, குறைஷிகளுக்காக ஒரு துஆச் செய்துவிட்டுப் பாங்கு சொல்வார்கள். ஒரு நாளும் அந்தத் துஆவை அவர்கள் விட்டதில்லை என்று அந்தப் பெண்மணி சொல்கிறார். இதுவும் அபூதாவூதில் உள்ள செய்தி. நம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். கீழே அந்த வீட்டார் படுத்திருக்கிறார்கள். மேலே உலகத்தின் முதல் மோதினார் வக்துக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார். அண்டை வீட்டின் முகட்டை இரவல் வாங்கி நின்றது நம் மார்க்கத்தின் முதல் பாங்கு மேடை. அந்த வீட்டாரின் மனம் நோகாமல்தான் அது நடந்திருக்கிறது.

இப்போது நம் பள்ளிகளுக்கு வருவோம். பாங்கு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நிதானமாகச் சொன்னால் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். ஐந்து வக்துக்கும் சேர்த்து இருபது நிமிடம். ஆனால் குழாய் முழங்குவதோ மணிக்கணக்கில்! "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்ப்பதில் ஆரம்பித்து, சந்தா அறிவிப்பு, காணாமற்போன கைப்பை அறிவிப்பு, வாராந்தர பயான், தராவீஹ் தொழுகையின் இருபது ரக்அத்தும், கந்தூரி, மவ்லூது, மதரஸாப் பிள்ளைகளின் ஆண்டு விழா ஆகிய அனைத்தும் அந்தக் குழாய் வழியாகத்தான் ஊருக்குப் போகிறது. ரமலானில் சில ஊர்களில் இரவு இரண்டரை மணிக்கே பாட்டுப் போட்டு ஸஹருக்கு எழுப்புகிறோம். கைக்கடிகாரமும் இல்லாத காலத்தில் பக்கீர்சாக்கள் தப்ஸ் அடித்துத் தெருவில் எழுப்பிப் போனது ஓர் உபகாரம். இன்று தலையணைக்குக் கீழே ஒவ்வொருவரும் அலாரம் உள்ள செல்போனை வைத்துப் படுக்கிறோம். யாருக்காக இந்த முழக்கம்?

தராவீஹில் ஓதப்படும் குர்ஆனைக் கடைத்தெருவுக்கெல்லாம் கேட்கச் செய்வது நன்மை என்று நினைக்கிறோம். குர்ஆன் ஓதப்படும்போது காது தாழ்த்திக் கேளுங்கள், வாய்மூடி இருங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை. ஸூரா அஃராபின் 204ஆம் வசனத்தின் கருத்து அது. கடைக்காரர் தராசைப் பிடித்திருக்கிறார், வீட்டில் தாய் அழும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், மற்றொருவர் கழிப்பறையில் இருக்கிறார். இவர்கள் எப்படிக் காது தாழ்த்துவார்கள்? கேட்க முடியாதவர் மீது கலாமுல்லாஹ்வை ஏவிவிட்டு, கேட்காத குற்றத்தையும் அவர் தலையில் கட்டுகிறோம். ஹனபி மத்ஹபின் பெருநூலாகிய ரத்துல் முஹ்தாரில் இந்த மஸ்அலா வருகிறது: ஒருவர் பிக்ஹு எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் உரக்கக் குர்ஆன் ஓத, எழுதுகிறவரால் கேட்க முடியாமற்போனால் பாவம் ஓதுகிறவர் மீதுதான். மக்கள் உறங்கும்போது வீட்டு முகட்டில் ஏறி உரக்க ஓதுகிறவரும் பாவியாகிறார். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். அவர்களுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அத்திப்யானில் சொல்வதும் இதற்கு அருகில்தான்: தொழுகிறவருக்கோ உறங்குகிறவருக்கோ இடைஞ்சல் ஆகுமென்றால் மெல்ல ஓதுவதே மேல்.

பயானுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. மதீனாவின் வரலாற்றை எழுதிய உமர் இப்னு ஷப்பா தரும் தகவல் இது. ஒரு பிரசங்கி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாசலருகே அமர்ந்து உரத்துப் பேசி வந்தார். தமக்கு வேறு சத்தமே கேட்காதபடி ஆகிவிட்டது என்று அன்னையவர்கள் கலீபா உமர் (ரலி) அவர்களிடம் சொல்லியனுப்பினார்கள். கலீபா தடுத்தார்கள். அவர் மறுபடியும் வந்து ஆரம்பித்தார். கலீபா அவர்களே நேரில் வந்து, கைத்தடி முறியும் வரை அடித்தார்களாம். அந்தப் பிரசங்கி பேசியது மார்க்கந்தான். முறையிட்டவர் முஃமின்களின் தாய். அவர்களுக்கு மார்க்கம் கசந்தது என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? ஒலிபெருக்கியைக் கண்டதும் குரல் உச்சத்துக்கு ஏறும் நம் பேச்சாளர்கள் இந்தச் செய்தியைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் நல்லது.

இனி சர்க்கார் சட்டத்தைப் பார்ப்போம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்திய அரசு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல், இரவு நேர அளவு 45 டெசிபல். கடைவீதிக்கு 65, 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே 50, 40. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பகல், மற்றது இரவு. எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பொது இடத்தின் எல்லையில் அதன் ஓசை அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல், அல்லது 75 டெசிபலுக்கு மேல், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவில், மூடிய மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்காகத் தவிர, ஒலிபெருக்கியே கூடாது. மத, கலாசார விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்தத் தளர்வை உச்ச நீதிமன்றமும் 2005ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

டெசிபல் என்றால் என்ன என்று பல முதவல்லிமார்களுக்குத் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. அது மூட்டையை நிறுப்பது போன்ற கணக்கல்ல. 10 டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்கு. நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60. நம் மினாராவிலுள்ள குழாயின் வாய்க்கு ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் பத்து மீட்டரில் 90 இருக்கும். நூறு மீட்டருக்கு அப்பாலும் 70 இருக்கும். இரவில் அனுமதித்த 45க்கும் இந்த 70க்கும் இடையில் 25 டெசிபல். அதாவது ஆற்றலில் முந்நூறு மடங்குக்கு மேல்! இது ஒரே குழாய்க்கு. நாமோ நான்கு திசைக்கும் நான்கு கட்டியிருக்கிறோம். நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டியது. மினாராவை ஒட்டிய வீட்டில் கைக்குழந்தையும் இரத்த அழுத்தக்காரரும் எப்படி உறங்குவார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் நம்மைக் குறிவைத்துப் போட்ட சட்டம்" என்று சொல்வோர் உண்டு. சென்னை மெஜஸ்டிக் காலனி வழக்கைப் பார்த்தால் உண்மை புரியும். அங்கே வழக்கில் நின்றது ஒரு கிறிஸ்தவ தேவாலயம். மேளமும் ஒலிபெருக்கியும் வைத்து ஜெபம் நடத்தியதைக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். 2000 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிறர் அமைதியைக் குலைத்து வணங்குமாறு எந்த மதமும் கூறவில்லை; ஒலிபெருக்கி கொண்டுதான் பிரார்த்திக்க வேண்டும் என்றும் எந்த மதமும் விதிக்கவில்லை. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, அலகாபாத் உயர்நீதிமன்றம் பாங்கைப் பற்றியே பேசியது. பாங்கு இஸ்லாத்தின் இன்றியமையாத அம்சம், ஒலிபெருக்கி அப்படியல்ல, மோதினார் தம் சொந்தக் குரலில் பாங்கு சொல்லலாம் என்றது அத்தீர்ப்பு. ஊரடங்கைக் காட்டிப் பாங்கையே நிறுத்திய அதிகாரிகளுக்கு எதிராகக் கிடைத்த தீர்ப்பு அது என்பதையும் மறக்க வேண்டாம். சட்டம் ஒரு தரப்பு மீது மட்டும் பாய்கிற இடங்களும் நம் நாட்டில் உண்டு. அதை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்பது நம் உரிமை. ஆனால் அதிகாரியின் பாரபட்சம் அண்டை வீட்டாரின் ஹக்கை அழித்துவிடாது.

"ஆடி மாதம் முழுக்க அவர்கள் வைக்கிறார்களே! கட்சிக்காரர்கள் நடுத்தெருவில் வைக்கிறார்களே!" என்பது அடுத்த வாதம். வைக்கிறார்கள்தாம். கல்யாண மண்டபத்தின் முழக்கத்தில் பரீட்சைக்குப் படிக்க முடியாமல் நம் பிள்ளைகளும் தவிக்கின்றன. ஆனால் தீங்கும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்பது நம் பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நாம் மார்க்கப்படி நம் குழாயை இறக்கிக் கட்டிய பிறகு, அடுத்தவரிடம் போய் "ஐயா, கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்க நமக்கு முகம் இருக்கும்.

ஸுப்ஹுப் பாங்குதான் நெஞ்சைத் தைக்கும் இடம். நம் ஊர்களில் ஸுப்ஹு வக்து ஆண்டு முழுவதும் காலை ஆறு மணிக்கு முன்பே நுழைந்துவிடுகிறது. சட்டத்தின் கணக்கில் அது இரவு. தொழுகை உறக்கத்தைவிட மேலானது என்று அழைக்கும் குரல் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அது மினாராவிலிருந்து நிற்பதை நினைத்தால் கண் கலங்கத்தான் செய்கிறது. எனக்கும் கலங்கியது. ஆனால் ஸுப்ஹுப் பாங்கு நிற்கவில்லை, சகோதரர்களே! மோதினாரின் தொண்டையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒலிபெருக்கி இந்த மார்க்கத்துக்கு வந்து நூறு வருடம்கூட நிறைந்திருக்காது. வந்த புதிதில் அதைத் தொழுகைக்குப் பயன்படுத்துவது கூடுமா, கூடாதா என்று உலமாக்கள் கடுமையாக விவாதித்தார்கள். அன்று ஆகாது என்று ஒதுங்கி நின்ற நாம், இன்று அதில்லாவிட்டால் தீனே இல்லை என்பது போலப் பேசுவது வேடிக்கைதான்.

முஸ்லிம் நாட்டிலேயே என்ன செய்தார்கள் தெரியுமா? 2021 மே மாதம் சவூதி அரேபியாவின் இஸ்லாமிய விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வெளி ஒலிபெருக்கி பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுமே. அதுவும் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தொல்லையாக இருக்கிறது என்று குடும்பங்கள் முறையிட்டதை அமைச்சர் காரணமாகச் சொன்னார். தொழ விரும்புகிறவர் இமாமின் ஒலிபெருக்கிக்காகக் காத்திருக்க மாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னார். நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில், 1970களிலேயே பள்ளிவாசல்கள் ஒலிபெருக்கியை உட்புறமாகத் திருப்பிக்கொண்டன. ஐந்து வேளைப் பாங்கு வானொலியில் வீடு தேடி வருகிறது. அங்கே தொழுகையாளிகள் குறைந்து போகவில்லை.

பள்ளியை மட்டும் சொல்லி வீட்டை விட்டுவிட முடியாது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் இரவு பதினொரு மணிக்கு வேட்டு வெடிப்பதும், பெருநாள் இரவில் பிள்ளைகள் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் தெருவைச் சுற்றுவதும் நம் மஹல்லாக்களில் சாதாரணமாகிவிட்டன. குடியிருப்புப் பகுதியில் இரவில் அவசரமின்றி ஹாரன் அடிப்பதையும் இதே விதிகள் தடுக்கின்றன. தாய்மார்களே, பிள்ளையின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் "மகன் வந்துவிட்டான்" என்று மகிழ்கிறீர்கள். பக்கத்து வீட்டு நோயாளியும் அதே சத்தத்தில்தான் திடுக்கிட்டு எழுகிறார். எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவன் முஃமினல்லன் என்று நாயகம் அவர்கள் அல்லாஹ்வின் மீது மூன்று முறை ஆணையிட்டுச் சொன்ன ஹதீஸ் புகாரீயில் இருக்கிறது. அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்ற கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நான் செயலாளராக இருந்த சமயம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நண்பர் புதிய ஆம்ப்ளிபையரும் இரண்டு குழாயும் வாங்கித் தந்தார். ரமலானுக்கு முன்பே கட்டி முடித்து, மூன்று தெரு தாண்டிக் கேட்கிறது என்று பூரித்துப் போனோம். தெற்குப் பக்கக் குழாய் பின் சந்திலுள்ள ஒரு வீட்டு மாடி ஜன்னலுக்கு நேராக அமைந்துவிட்டது. அந்த மாடியில் பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மா படுத்திருந்தார்கள். தொழுகையை விடாத, எங்கள் ஜமாஅத்துக் குடும்பந்தான். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு அவர்களுடைய மகன் என்னிடம் வந்து, "காக்கா, அந்தத் தெற்குக் குழாயைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாமா? உம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேங்குறாங்க" என்றார்.

ஹவுளுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான் சொன்னேன்: "பாங்குச் சத்தம் கேட்டா ஷைத்தான்தான் ஓடுவான், தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்த ஜன்னல் கோடை வெக்கையிலும் சாத்தியே கிடந்ததைப் பார்த்தேன். காரணம் தெரிந்தும் தெரியாதது போல இருந்தேன்.

ரமலான் பாதி கடந்த ஓர் இரவு, தராவீஹ் முடிந்ததும் ஆள் வந்து, அந்த அம்மாவுக்கு ஸகராத்து நேரம் என்று அழைத்தார்கள். போனேன். கட்டிலருகே இருவர் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் பள்ளியில் பயான் ஆரம்பமாயிற்று. ஜன்னல் சாத்தியிருந்தும் அறை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் ஓதிய யாசீன் என் காதில் விழவில்லை. அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்தேன். அந்த அம்மாவின் உதடுகளும் அசைந்தன. கலிமா சொல்கிறார்களா, தண்ணீர் கேட்கிறார்களா? மகள் உம்மாவின் வாயோடு காதை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். அன்றைய பயான் எதைப் பற்றியது என்பது எனக்கு இப்போது நினைவில்லை. நான் மாடிப்படி இறங்கி ஓடி, பள்ளிக்குள் போய், பேசிக்கொண்டிருந்தவரைக் கேட்காமலே ஆம்ப்ளிபையரை அணைத்தேன். என்ன ஏது என்று எல்லோரும் எழுந்தார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் திரும்பி ஓடினேன். நான் மாடி ஏறும்போது உள்ளே அழுகுரல் கேட்டது.

மறுநாள் லுஹருக்குப் பின் நல்லடக்கம். மூன்றாம் நாள் ஜமாஅத்தைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். நீண்ட வாக்குவாதம். கடைசியில் நான்கு குழாயையும் இறக்கினோம். பள்ளிக்குள் சுவரில் சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, பயானும் தராவீஹும் அவற்றோடு நின்றன. பகல் நேரப் பாங்குக்கு மட்டும் ஒரு குழாயை, வாசல் பக்கம் தாழ்வாகக் கட்டி, அதன் திருகு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். ஸுப்ஹுக்கு எங்கள் மோதினார் வாசற்படியில் நின்று வாயால் பாங்கு சொல்கிறார். முதல் வாரம் சிலர் ஜமாஅத்தைத் தவறவிட்டதாகச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். பிறகு வரவில்லை.

குழாயை இறக்கிய அன்று ஏணியைப் பிடிக்க வந்தவர்களில் அந்த மகனும் இருந்தார். வேலை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து மாப்புக் கேட்டேன். "பரவாயில்லை காக்கா, விடுங்க" என்றார். அவருடைய பங்கை அவர் விட்டுவிட்டார். ஆனால் அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். அடியாருக்குச் செய்ததை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும் என்று மார்க்கம் படித்தவன் நான். அந்த அம்மா மாடியில் படுத்துக் கிடந்த மாதங்களில், சந்தைக் கடந்து பத்து எட்டு வைத்து ஒருமுறை போய்க் கேட்டிருக்கலாம். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கபுருஸ்தானுக்குப் போய் அவர்கள் தலைமாட்டில் ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வருகிறேன். மெல்லத்தான் ஓதுகிறேன்.